சைலன்சரில் ஓட்டை

செவ்வாய், இரவு

மரம் அறுக்கும் மெஷினை நாளைக் காலை மெக்கானிக்கிடம் தருவதாகச் சொல்லியிருந்தேன். சைலன்சரில் ஓட்டையைப் பெரிதாக்கினால் இன்ஜின் நன்றாக இழுக்கும், வேகமாக அறுக்கும் என்று அவர் சொன்னதிலிருந்து ஒரு வாரமாக அதே நினைப்பு. சத்தம் மட்டும் கூடுமாம். சத்தம்தானே என்று விட்டுவிட்டேன்.

இன்று கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் தூங்குமூஞ்சி மரம். மெஷினோடு மேலே ஏறியவன் என் மச்சான் அந்தோணி. கிளையில் கட்டிய கயிற்றைக் கீழே நான் பிடித்திருந்தேன். பாதி அறுக்கும்போது சட்டென்று மெஷினை நிறுத்தி, "கயித்த வுட்டுட்டு அந்தாண்ட போ மச்சான்!" என்று கத்தினான். ஓடினேன். கிளை நெடுக்காகப் பிளந்து, நான் நின்ற இடத்திலேயே விழுந்தது.

டீக்கடையில், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அறுத்துக்கினு இருக்கச் சொல்ல உள்ள டிக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான்" என்றான், பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே.

அத்தனை இரைச்சலுக்குள் அந்த ஒரு டிக்! எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இத்தனை வருடம் அவன் கையைத்தான் மெச்சிக்கொண்டிருந்தேன். அவன் அறுப்பது காதால்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். சைலன்சரில் கை வைக்க வேண்டாம், செயினை மட்டும் தீட்டிக் கொடுங்கள் என்றேன்.

"இன்னாண்ணா, பயந்துட்டியா?" என்று சிரித்தார்.

"ஆமா" என்றேன்.