முள்ளு கெடக்கு, கழுத!

என் ராசாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. "என்னங்க" என்பதோடு சரி. இன்று சந்தோஷம் தாங்கவில்லை, அதனால் கூப்பிடுகிறேன். நம் மகள் இசக்கி என்ன செய்தாள் தெரியுமா?

சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் அவள் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். போன வாரம் அவளிடம் படிக்கும் மராத்திக்காரர் ஒருவர், மனைவியோடு தாராவிச் சந்துக்குள் வழி கேட்டுக் கேட்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பேடா டப்பா. "ஆன்ட்டி, உங்க பொண்ணு இல்லைன்னா நான் இல்லை" என்று இந்தியில் சொல்லிக் கண் கலங்கினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தக் கல்லுளிமங்கி என்னிடம் மூச்சே விடவில்லையே!

அவர்தான் எல்லாம் சொன்னார். மேலே பறந்துகொண்டிருந்தபோது இன்ஜின் திணறி, வேகம் செத்துவிட்டதாம். முள்ளோ பாதி டாங்க் பெட்ரோல் என்று காட்டுகிறது. கிளம்பும் முன் இசக்கி குச்சி விட்டு அளந்தும் பார்த்திருந்தாள். "பெட்ரோல் இருக்கே, வேறென்ன கோளாறு?" என்று இவர் பதற, அவள் ஏதோ சொல்லிக்கொண்டே பெட்ரோல் திருகுக் குமிழை மறு இறக்கையிலுள்ள டாங்குக்குத் திருப்பியிருக்கிறாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பத்திரமாக இறக்கிவிட்டாள். இறங்கிப் பார்த்தால் முதல் டாங்க் காலி! மூடியின் ரப்பர் போய், பெட்ரோல் வழியெல்லாம் சிந்தியிருக்கிறது. முள் மட்டும் பாதியிலேயே சிக்கி நின்றிருக்கிறது.

"அப்போ ஒரு தமிழ் மந்திரம் சொன்னாங்க ஆன்ட்டி. முல்லு கெடக்கு களுதே. எந்தச் சாமிக்கு அது?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கள் வீட்டுச் சாமிக்கு என்றேன்.

நம் ஸ்கூட்டரின் முள் என்றைக்கு உண்மை சொன்னது? இட்லி மாவு டின்களைக் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குக் கிளம்பும்போது வண்டியை ஆட்டி, டாங்க் தளும்புகிறதா என்று கேட்பீர்கள். நடுவழியில் திணறினால், "முள்ளு கெடக்கு, கழுத!" என்று திட்டியபடி ரிசர்வுக்குத் திருப்புவீர்கள். முன்னால் நின்றுகொண்டு வந்த குட்டியின் காதில் அது எப்படி ஏறியிருக்கிறது பாருங்கள்.

சாயங்காலம் அவளைப் பிடித்தேன். "ஏட்டி, பயமா இல்லையா?"

"எறங்குன பெறவுதாம்மா பயமே வந்துச்சு. ஒன்ட்ட சொன்னா வேலைய வுடச் சொல்லுவ, அதான் சொல்லல."

விடச் சொல்வேனா? எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சந்து முழுக்கப் பேடா கொடுத்தாயிற்று. ஆனாலும், உங்களிடம் நானே சொல்லும்படி ஆயிற்றே. நீங்கள் இருந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிப் பறக்கிறாள். வடாலா பாலத்தில் பட்டுச்சேலையோடு வண்டியைத் தள்ளவிட்டீர்களே, அன்றுமுதல் பின்சீட்டில் ஏறும்போதெல்லாம் "பெட்ரோல் இருக்கா?" என்று உங்கள் உயிரை வாங்கினேன். அவளிடம் அதைக் கேட்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பின்சீட்டுக்காரி,
இசக்கியின் அம்மா