சந்தனப் பொட்டு வைத்த சுவிஸ்காரர்

அண்ணை,

இன்று காலை உங்கள் சுவிஸ்காரரின் படத்தைத் துடைத்தேன். கண்ணாடியில் சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாள் கிரியையில், படத்திலிருந்த அந்த மீசைக்காரரைக் குடும்பத்துப் பெரியவர் என்று நினைத்து, யாரோ உங்களோடு சேர்த்து அவருக்கும் மாலை போட்டுவிட்டார்கள். உங்கள் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "மாமா, இனி உங்களிடமே இருக்கட்டும்" என்று டேனிஷில் சொல்லிப் படத்தை என்னிடம் தந்தாள்.

நூறு வருடத்துக்கு முந்திய அந்த அரசியல்வாதியை இங்கே அறிந்த தமிழர் நாம் இருவர்தான். டென்மார்க் வருமுன் சுவிஸின் பேர்ண் நகரில் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், பழைய புத்தகக் கடையொன்றில் அந்தப் படத்தை வாங்கினீர்கள். எங்கள் ஊர் பிராண்டேயிலிருந்து ஓகூஸ் நகருக்குக் காரில் போகும்போதெல்லாம் அவர் கதைதான். மலைக்கிராமத்துப் பால்காரரின் மகன். வக்கீலாகி, பாராளுமன்றம் போய், ஏழு மந்திரிகளில் ஒருவராகி, ஒரு வருடம் நாட்டுக்கே தலைவராக இருந்தவர்.

"வருசம் முடிஞ்சால் கதிரை அடுத்த ஆளுக்கு. எங்கடை ஆக்களெண்டால் கதிரையையும் வீட்டை கொண்டுபோயிடுவினம்" என்பீர்கள். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்திலும் அந்த விதி வேண்டுமென்று சண்டை பிடித்தீர்கள். 'சுவிஸ் அண்ணை' என்று பட்டம் கிடைத்ததுதான் மிச்சம்.

நீங்கள் போனபின் என்னைத் தலைவராக்கினார்கள். தனியாளான என் வீட்டில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. மண்டபச் சாவி எங்கே, பொங்கலுக்கு யார் சமையல் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த அழைப்புகளுக்காகவே பதவி எனக்குப் பிடித்திருந்தது.

என் வருடம் முடிந்து நேற்று நடந்த கூட்டத்தில் என்னிடம், "அண்ணை, நீங்களே இன்னும் ஒரு வருசம் இருங்கோவன்" என்றார்கள். ஓம் என்று சொல்ல வாய் துடித்தது. "வேண்டாம், வேறை ஆள் வரட்டும்" என்றேன். கைதட்டினார்கள். பிறகு புதிய தலைவரைச் சுற்றி நின்று படமெடுத்தார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்று ஒருவரும் அழைக்கவில்லை.

தலைவர் பதவி முடிந்த அன்று உங்கள் சுவிஸ்காரர் என்ன செய்தார் என்று ஒருமுறை உங்களிடம் கேட்டேன். "என்ன செய்யிறது? ரயிலேறி வீட்டை போனார்" என்றீர்கள். இருவரும் அதை ரசித்துச் சிரித்தோம். அப்போது உங்களுக்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு நீங்கள் இருந்தீர்கள்.

அண்ணை, அவர் போன வீட்டில் கதவு திறக்க யாராவது இருந்தார்களா? அதை மட்டும் உங்களிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.