லெக்குக்கு ஒரு மாமன்

20 பிப்ரவரி 1978, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டியதில் ஹால் முழுக்கச் சின்னச் சின்னப் பாவாடைகள். பதினோரு வருடம் இந்தக் கயிற்றில் அவர் சட்டையும் என் சேலையும் மட்டும்தான். இன்று குனிந்து குனிந்து நடந்தேன். எரிச்சல். சந்தோஷமும்தான்.

அவர் பூண்டு லோடு ஏற்றி வர லாரியோடு எல்லை தாண்டிச் சயாம் போயிருக்கிறார். புதன்கிழமை வருவார்.

பிள்ளைகள் இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. அங்கே ஹாட்யாயில் அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கார அம்மாவின் பிள்ளைகள். அவள் காய்ச்சலில் போய்விட்டாள். சொந்தம் என்று வந்தவர்கள் கடையை எடுத்துக்கொண்டார்கள், பிள்ளைகளை எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்தார். "கூட்டிட்டு வாங்க" என்றது நான்தான். இரண்டு நாட்டு ஆபீசுக்கும் நடந்த கதையை எழுத இந்த நோட்டு போதாது.

பெரியவள் மாலி, ஒன்பது வயது. சின்னவள் லெக், நாலு. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா சின்னவளை லெட்சுமி ஆக்கிவிட்டாள். அதுவும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. பெரியவளை மாலா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். திரும்பவில்லை. பிடிவாதம். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் லெக்கை யாரிடமும் தர மாட்டேன் என்கிறாள். ஊட்டுவது அவள், குளிப்பாட்டுவது அவள், தூங்க வைப்பது அவள். நான் கை நீட்டினால் சின்னவளைத் தூக்கி இடுப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். சிரித்துக்கொண்டேதான். அந்தச் சிரிப்புதான் வலிக்கிறது.

22 பிப்ரவரி, புதன்

நேற்று எண்ணெய்க் குளியல். தோல்வி. மாலியின் தலையில் எண்ணெய் வைத்ததும் ஒரே கத்தல். அஞ்சலை அக்கா வேலி மேல் எட்டிப் பார்த்து, "என்னாடி, புள்ளைய அடிக்கிறியா?" என்றாள். அவமானம்.

மத்தியானம் அவர் வந்ததும் சொன்னேன். லுங்கி மாற்றிக்கொண்டே சாவகாசமாகச் சொல்கிறார், அந்த ஊரில் தலையைச் சும்மா தொட மாட்டார்களாம். உயிர் இருக்கிற இடமாம். பெரியவர்கள்கூடக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்களாம். ஏழு மாதமாகத் தலையைத் தடவி, நெட்டி முறித்து, திருஷ்டி கழித்திருக்கிறேன்! இதை முதலிலேயே சொல்ல வாய் வரவில்லையா என்று பிடித்துக்கொண்டேன்.

"நீ கேக்கலையே லா."

லெக்குக்கு மாசியில் மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டுதல். எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில், அடுத்த மாதம் முதல் ஞாயிறு. மாலிக்கு ஏற்கெனவே காது குத்தியிருக்கிறது. தலையையே தொடக் கூடாது என்றால் மொட்டை எப்படி என்று கேட்டேன். "அங்கயும் மொட்ட போடுவாங்க. சாமியாருங்க எல்லாம் மொட்டதானே. பெரியவகிட்ட நான் சொல்லி வக்கிறேன்" என்றார். அந்தப் பாஷை அவருக்குத்தான் தெரியும். அவர் பொறுப்பு.

25 பிப்ரவரி, சனி

நல்ல வெயில். பிள்ளைகளோடு கோப்பெங் பஸ் ஏறினேன். கோப்பெங்கில் வேலை ஒன்றும் இல்லை. அண்ணனைப் பிடிக்கத்தான். வீட்டுக்குப் போனால் இல்லை என்று சொல்லச் சொல்லிவிடுகிறார். பஸ்ஸில் எங்கே ஓடுவார்? கண்டக்டர் ஆயிற்றே.

"என்னா தங்கச்சி, மூணு பேரும் எங்க?"

"உங்களப் பாக்கத்தான் அண்ணே. அடுத்த ஞாயித்துக்கெழம சின்னவளுக்கு மொட்ட, காதுகுத்து. நீங்கதான் மடி குடுக்கணும்."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். சிம்பாங் பூலாயில் ஆள் ஏற்றினார். ஒரு சீனப் பாட்டியின் கோழிக்கூடையை நகர்த்தி வைத்தார். வேறு வேலை இல்லாமல் போனதும் திரும்பி வந்தார்.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. மாமன் மடிங்கிறது ரத்த சொந்தத்துக்கு. யாரோ பெத்த புள்ளைக்கு, அதுவும் சயாம்காரி புள்ளைக்கு, நான் எப்படி மாமன் ஆவேன்? சாமி கேக்காதா?"

"சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"ஊரு கேக்கும் லா."

மணியை இழுத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். மாலி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ. இறங்கும்போது அவருக்கு அழகாக ஒரு கும்பிடு போட்டாள். பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் டிக்கெட் பையைத் திறந்து மூடினார்.

பிள்ளைகளுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. எங்கள் பக்கம் மாமன் மடியில் உட்காராத பிள்ளை எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். நாளைக்கு வயசுக்கு வந்தால் குடிசை கட்ட மாமன், கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுக்க மாமன். இந்த இரண்டுக்கும் இவரை விட்டால் மாமன் யார்? பூசாரியிடம் கேட்டேன், அவரும் மடி இல்லாமல் காது குத்த வேண்டாம் என்கிறார். மனசு விட்டுப்போயிற்று.

1 மார்ச், புதன்

வாங்க வேண்டியவை: பச்சரிசி, வெல்லம், சந்தனம், வாழைப்பழம் இரண்டு சீப்பு, லெக்குக்குச் சட்டை, மாலிக்கும் ஒன்று (இல்லாவிட்டால் முகம் சுருங்கும்). கம்மல் வாங்கியாயிற்று.

நான் வேலை செய்யும் பிஸ்கட் பேக்டரியில் சனிக்கிழமைக்கு லீவு கேட்டேன். சூப்பர்வைசர் முகம் கோணியது. கோணட்டும்.

மாலியைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள், தமிழ் தெரியாததால். எல்லோரையும்விட ஒரு முழம் உயரம். இன்று "படம்" என்று எழுதிக் காட்டினாள். நன்றாக இருந்தது. சொன்னேன். சட்டென்று சிலேட்டைத் துடைத்துவிட்டாள்.

அவர் கொண்டுவந்த மீன் சாஸ் புட்டியை நாற்றம் தாங்காமல் பின்பக்கச் சுவரில் வைத்திருக்கிறேன். மாலி சோற்றுத் தட்டோடு அங்கே போய் ஊற்றிக்கொண்டு வருகிறாள். இன்று யாரும் பார்க்காதபோது ரசத்தில் நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன். மோசமில்லை. அஞ்சலை அக்காவுக்குத் தெரியக் கூடாது.

சீர்த் தட்டை நானே தயார் பண்ணிவிட்டேன். மாமன் சீர். அண்ணன் பேரில் அண்ணனுக்குத் தெரியாமல். பைத்தியம்தான்.

3 மார்ச், வெள்ளி

இன்னொரு டிரைவருக்கு உடம்பு சரியில்லையாம். அவரை ஹாட்யாய்க்கு அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு! தகப்பன் இல்லாமல் காதுகுத்தா?

"காலையில நேரா கோயிலுக்கே லாரிய விட்டுருவேன். வாரேன்னா வாரேன்."

"பெரியவகிட்ட மொட்ட விஷயம் சொன்னீங்களா?"

தலையைச் சொறிந்தார். மாலி பள்ளிக்கூடத்தில். வந்து சொல்கிறேன் என்று ஏறிவிட்டார்.

நானே சொல்லிப் பார்த்தேன், சாயந்திரம். லெக்கின் தலையைக் காட்டி, கத்தி மாதிரி கையை ஆட்டி. என்ன புரிந்துகொண்டாளோ, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நிறுத்திக்கொண்டேன்.

5 மார்ச், ஞாயிறு

மறப்பதற்குள் எழுத வேண்டும். கை இன்னும் மஞ்சள்.

தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை எல்லாம் இடித்துவிட்டார்கள். ரப்பர் பால் வெட்டிய கித்தா மரமும் போய் இப்போது எண்ணெய்க்குச் செம்பனை. கோயில் மட்டும் நிற்கிறது. எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். நான், பிள்ளைகள், அஞ்சலை அக்கா, அக்கம்பக்கத்தில் பத்துப் பேர். லாரியைக் காணோம். பொங்கல் வைத்தேன். லாரியைக் காணோம். மொட்டையடிக்கிறவர் கத்தியைத் தீட்டி, கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்தார். மண்ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது அண்ணன். தனியாக. வெறுங்கையோடு.

"சாமி கும்புட வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

"சரிண்ணே."

அப்போதுதான் மாலி கத்தியைப் பார்த்தாள். ஒரு கத்தல். லெக்கை வாரித் தூக்கிக்கொண்டு கோயில் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள். நான் கிட்டப் போனால் காலால் உதைக்கிறாள். மரியாதையெல்லாம் போயிற்று. பிறகு தமிழில் கேட்டாள்.

"யாரு செத்தா?"

"நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு இது!" என்று அஞ்சலை அக்கா அதட்டினாள்.

"அம்மா செத்து. நெருப்பு. மாமி பையன் மொட்ட. இப்ப யாரு?" என்னைப் பார்த்தாள். "லாரி எங்க?"

எனக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் அம்மாவை எரித்த அன்றைக்கு அத்தை மகனுக்கு மொட்டையடித்ததைப் பார்த்திருக்கிறாள். இங்கே கத்தி, தண்ணீர், கூட்டம் எல்லாம் இருக்கிறது, அவரைத்தான் காணோம். "இல்லம்மா, அப்பா வாராங்க, யாரும் சாகல" என்றேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். விடிந்ததிலிருந்து பயந்து கிடக்கிற முகம். அதைப் பார்த்து யார் நம்புவார்கள்?

எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். சரி, வேண்டாம், விடுங்கள் என்று சொல்லப்போனேன். அதற்குள் அண்ணன் சட்டையைக் கழற்றி அஞ்சலை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல எனக்குப் போடு."

"உங்களுக்கா? வேண்டுதலாண்ணே?"

"ஆமா. இப்பதான் வேண்டிக்கிட்டேன்."

எங்கள் அண்ணனின் முடி! பஸ் கண்ணாடியில் டிரைவர் முகத்தைவிட இவர் முகம்தான் அதிகம் தெரியும். எண்ணெய் போட்டுச் சீவி முன்னால் குருவிக்கூடு விட்டு, காற்றடித்தால் கையால் பொத்திக்கொள்கிற ஆள். ஒரு இழுப்பில் முன்பக்கம் அத்தனையும் மடியில் விழுந்தது.

"மீசண்ணே?"

"மீசையில கை வச்சே, நீ ஊரு போய்ச் சேர மாட்ட."

அவர் பேச்சு முழுக்க மாலியிடம்தான். "இங்க பாரும்மா. எழவு வீட்டுல மொட்ட போட்டா அழுவாங்க. நான் அழுவுறனா? பல்லப் பாரு." முப்பத்திரண்டையும் காட்டினார். "இது சாமிக்கு. சாமி முடி கேக்குது, குடுக்கிறோம். அப்புறம் சக்கரப் பொங்கல். தாப்பா லா, ஒண்ணும் இல்ல!" லெக்தான் முதலில் சிரித்தது. பிறகு கூட்டமே சிரித்தது. மாலி சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர்கூட அழவில்லை என்று தெரிந்ததோ என்னவோ, சுவரை விட்டு நகர்ந்தாள்.

சந்தனம் பூசியதும் கிட்ட வந்து அவர் தலையைச் சுற்றிப் பார்த்தாள். கை பாதி தூக்கி, அப்படியே நிறுத்தினாள். அவருக்கு அந்த ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் தலையைத் தாழ்த்தினார்.

"தொட்டுப் பாரு."

ஒரு விரலால் தொட்டாள். பிறகு லெக்கை இடுப்பிலிருந்து இறக்கி அவர் மடியில் உட்கார வைத்தாள். யாரும் சொல்லவில்லை, நான் சத்தியமாகச் சொல்லவில்லை.

அண்ணன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். மொட்டைக்கு லெக் அழவே இல்லை. காது குத்தியபோது ஊரைக் கூட்டியது. மாமன் கையைக் கடித்து வைத்தது. அவர் விடவில்லை. நான் சீர்த் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன்.

"இது யாரு வச்ச சீரு?"

"நீங்க வச்சதுதாண்ணே."

தட்டை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கேன்" என்றார். நான் சேலையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுதேன். பல்லைக் காட்டிக்கொண்டே அழுதேன், மாலிக்காக.

பொங்கல் ஆறிய பிறகு லாரி வந்தது. வழியில் டயர் போய்விட்டதாம். அவர் இறங்கியதும் மாலி ஓடிப்போய் அவர் கையில் இரண்டு அடி வைத்தாள், நல்ல அடி. பிறகுதான் அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் இரண்டு வைத்திருப்பேன். கோயிலாயிற்றே என்று விட்டேன்.

7 மார்ச், செவ்வாய்

தூறல். லெக்கின் காதுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும். மாலிக்குச் சளி. எண்ணெய் வைக்கவா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, நாளைக்கு என்றாள்.

அஞ்சலை அக்கா தன் தங்கச்சியைப் பார்க்கக் கோப்பெங் போய் வந்தாள். குடையைக்கூட மடக்கவில்லை, வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்கண்ணன் பஸ்ஸுலதாண்டி போனேன். ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் அந்தத் தலையப் பாத்துட்டு, 'அண்ணே, யாரு தவறிட்டாங்க'ன்னு மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டுக் கேக்குறானுங்க."

"அய்யோ. அண்ணன் என்னா சொன்னாங்க?"

"என்னா சொன்னாரா? பஸ்ஸே கேக்குற மாதிரி கத்துறாரு. 'வாயக் கழுவுங்க லா! எனக்கு ரெண்டு மருமவ. சின்னவளுக்கு ஞாயித்துக்கெழம காதுகுத்து. மாமன் நான் மொட்ட போடாம வேற எவன் போடுவான்? டிக்கெட் எடுங்க, டிக்கெட்.'"