காஸ் அடுப்பும் நெருப்புத்தான்

13 பெப்ரவரி 2022, ஞாயிறு

பனி பார்க்க மலைக்காட்டுக்குப் போனோம். நெருப்பு மூட்டக் கூடாது என்ற பலகையை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். "இது காஸ் தானே பிள்ளை, விறகில்லையே" என்று பைன் மரத்தடியில் அடுப்பை வைத்துப் புட்டு அவித்தார்.

காட்டுக் காவலர் வந்து இந்த நாட்டில் தங்குவதற்கான அப்பாவின் விசா அட்டையைக் கேட்டார்.

"பிள்ளையளுக்குச் சாப்பாடு எண்டு சொல்லன்" என்றார் அப்பா. காவலருக்கு அவர் மொழியில் மெல்லச் சொன்னேன். அவர் தண்டப்பணத் தாள் எழுதித் தந்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். "இது விசா ஒபிசிலையும் தெரிய வருமோ?" என்று காரில் அம்மா கேட்டார்.

தண்டத் தாளைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார் அப்பா. எத்தனை தரம் வாசித்தாலும் அதில் அவர் பெயர்தான் இருக்கிறது.