ஒரு சாண் கதவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப்பயலும் நலமாக இருக்க வேண்டும்.

நம் வீட்டைப் பேய்ப்படம் எடுக்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். படம் முடியும்வரை கடை மாடியில்தான் படுக்கை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. படி ஏறும்போது முழங்கால்தான் என்னைத் திட்டுகிறது.

முதலில் அவர்கள் கடைக்குத்தான் வந்தார்கள். பழைய மேசை நாற்காலி விற்கிறவனிடம் பேய்க்கு என்ன வேலை என்று நினைக்காதே. பேயும் எங்காவது உட்கார வேண்டாமா? படத்தின் கலை இயக்குநர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்ததையெல்லாம் தாண்டிப் போய், கிடங்கில் கால் ஒடிந்து கிடந்த அலமாரி முன்னால் நின்று, "இதுதான் சார் வேணும்" என்றாள். ஓட்டை உடைசலுக்குக் கூடுதல் விலை சொல்லி, அதைப் பேரம் பேசாமல் ஒருவர் வாங்கியது என் வியாபாரத்தில் அன்றுதான். அடுத்து ஒரு பழைய வீடு வேண்டும் என்றாள். தேடி வருவதை விடுவேனா? நம் வீட்டைக் காட்டினேன்.

ஹாலைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு சார், கெடுக்கணும்" என்றாள். கெடுத்தும் விட்டாள். சுவருக்குத் தேங்கிய தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. சோபாவை ஒரு மூலைக்குத் தள்ளி, அதன் பின்னால் வெறும் இடம். பக்கத்தில் நிற்கிறவன் குட்டையாகத் தெரியும்படி அந்தப் பெரிய அலமாரி. பிறகு எனக்குப் பாடம் நடத்தினாள்: "பேயைக் காட்டினா ஒரு நிமிஷம்தான் சார் பயம். பேய் நிக்கறதுக்கு எடம் விட்டு வெச்சா, படம் முடியறவரைக்கும் பயம்." வியாபாரமும் அதுதானே, சரக்கை முழுசாகக் காட்டிவிட்டால் ஆவல் போச்சு. ஆனாலும் என் வீட்டு சோபாவில் நானே உட்கார்ந்து நாலு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் அம்மா அறையைக் காட்டினேன். உள்ளே போனவள் வரவே இல்லை. போய்ப் பார்த்தால், நடுவில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "இந்த ரூமை யார் சார் செட் பண்ணாங்க? நான் தொடறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

ஜன்னலை அடைத்த கம்பளி, அதன் ஓரத்தில் மட்டும் கசியும் வெளிச்சம். தரையில் இருக்கும் விளக்கு நம் நிழலையே நமக்கு மேலே தூக்கி நிறுத்துகிறதாம். துணி போட்ட கண்ணாடியைப் பார்த்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மனசு கேட்குமாம். கதவு ஒரு சாண் மட்டும் திறந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனம் என்றாள். மூடியும் இல்லை, திறந்தும் இல்லை, பார்க்கிறவன் கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும் என்றாள்.

செட் பண்ணியது நான்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று உன் அம்மா சொன்னாள், ஜன்னலில் கம்பளியை வைத்து ஆணி அடித்தேன், விளக்கைக் கீழே இறக்கினேன். முடி கொட்டிய பிறகு கண்ணாடி வேண்டாம் என்றாள். அவள் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று கதவை அப்படி வைத்தேன். நான் உட்காரும் நாற்காலி ஏன் சுவரைப் பார்த்து இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். தரை சரியில்லை, கட்டில் பக்கம் திருப்பினால் ஆடும் என்று சொல்லி வைத்தேன். அவள் தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

போன தடவை நீ வந்தபோது வாண்டு அந்த அறை வாசலில் நின்று அலறினான். "இந்த வீட்ல என்னால மூச்சு விட முடியலப்பா" என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போனாய். "என் வீடு என்ன பேய் வீடா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அதன் பிறகு நீ வரவில்லை. போனிலும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு சரி. இப்போது பேய் வீடு அமைப்பதே தொழிலாக உள்ளவள் வந்து நற்சான்று கொடுத்துவிட்டாள். தொழில் தெரிந்தவர் வாக்கை நான் தட்டுவதில்லை.

அவளிடமே கேட்டேன், "பயத்தை வைக்கத் தெரிஞ்ச உனக்கு எடுக்கத் தெரியாதாம்மா?" என்று. "அது சுலபம் சார். ஆனா வீட்டுக்காரங்களுக்கு மனசு வரணும்" என்றாள்.

உனக்கு எப்போது விடுப்பு என்று எழுது. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் நீயும் பிள்ளையுமாவது வாருங்கள். அம்மா இருந்தால் இந்தக் கடிதம் ஒரு வரியில் முடிந்திருக்கும், நீயும் வந்திருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

பேசி முடித்த ஒப்பந்தம் இது. வீட்டுக்கு முழு வாடகை, ஒரு காசு குறைக்கவில்லை. அம்மா அறைக்கு மட்டும் வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக, போகும்போது கம்பளியைக் கழற்றி, விளக்கை மேலே மாட்டி, கண்ணாடியை ஜன்னல் பார்க்க வைத்து, சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்துக் கொடுக்க வேண்டும். நாற்காலியை நானே திருப்பிக்கொள்வேன். கதவை யாரும் தொடக் கூடாது. அது நீ வந்து திறப்பதற்கு.

இப்படிக்கு,
அப்பா