பச்சைப் பெயிண்ட்

மார்ச் 3
முதுகு விட்டுப்போச்சு. பட்டியைக் கூட்டி, நொண்டுகிற ஆட்டுக்குக் குளம்பு சீவி, பிறகுதான் தறியில் உட்கார்ந்தேன். ஒரு சாண்கூட நெய்யவில்லை. சாப்பிடும்போது தம்பி பேசியதெல்லாம் ஆட்டுக் கழிச்சல் பற்றி. சோறு இறங்குமா?

மார்ச் 9
மழை. பட்டிக்குள்ளேயும் மழை.

மார்ச் 17
ஆடுகளுக்குக் கம்பளி முடி வெட்டினோம். தம்பி வெட்ட, நான் காலைப் பிடிக்க. மத்தியானத்துக்குள் உடம்பு முழுக்க ஆட்டுப் பிசுக்கு. ஆனால் நல்ல முடி, நீள நீளமாக. சினை ஆடுகளுக்கு அடையாளமாக அவன் வைத்த பச்சைத் திட்டு மட்டும் முதுகு முடியில் இருக்கிறது. அலசினால் போய்விடும், எப்போதும் போல.

மார்ச் 19
போகவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மண்ணெண்ணெய் – எதற்கும் அசையவில்லை. தம்பியைக் கேட்டால், ஆட்டுக்கு வைக்கிற சாயம் தீர்ந்துபோச்சாம். வாசல் கேட்டுக்கு அடித்ததில் மிச்சமிருந்த பெயிண்டை எடுத்து வைத்தானாம். ரெண்டும் பச்சைதானே என்கிறான். இருபது வருஷமா ஆடு வளர்க்கிறவன் பேசுற பேச்சா இது? முதுகு முடிதான் இருக்கிறதிலேயே நல்ல முடி. நான் நெய்வதை வாங்கும் கடைக்காரர் வெள்ளைப் போர்வை கேட்டிருக்கிறார். அந்த ஒரு ஆர்டரில்தான் எங்கள் வருஷமே ஓடுகிறது.



மார்ச் 20
பச்சை பட்டதைக் கத்தரித்துக் கத்தரித்து விரலெல்லாம் கொப்புளம். பாதிகூடத் தேறாது.

மார்ச் 22
இன்றைக்கு வெடித்துவிட்டேன். எதிலும் உனக்கு மனசே இல்லை என்று கத்தினேன். கத்தரியை வீசினேன் – அவன் மேல் இல்லை, கூடைக்குள். எகிறிக்கொண்டு வருவான் என்று பார்த்தால், ஆமாம் என்கிறான்.

"ஆமாக்கா. இந்த ஆடுங்கள பாத்தாலே வெறுப்பா இருக்கு. இன்னைக்கு நேத்தா? சொந்தக் கம்பளி இல்லாம நீ உடைஞ்சு போயிடுவியேன்னுதான் வச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானா உடைந்துபோவேன்? கடை நூலை வாங்கி நெய்யலாமே என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன். ஆடு இல்லாவிட்டால் இவன் என்ன ஆவானோ என்றுதானே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதைச் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான், நிறுத்தவே முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைத் தனியாக விடக்கூடாது என்று நான் கல்யாணத்தை வேண்டாமென்றேன். எனக்காக அவன் லாரி வேலையை விட்டானாம். உன்னை யாருக்கா கேட்டா என்றான். உன்னை யாருடா கேட்டா என்றேன்.

மார்ச் 23
இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மத்தியானம் அவனே வந்து, ஆடுகளைக் கொடுத்துடலாமா என்றான். கொடுத்துடலாம் என்றேன்.

ஏப்ரல் 6
கடைக்காரரிடம் பெயிண்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். போர்வை வெள்ளையாக இருந்தால் போதும், எந்த ஆட்டு முடியாக இருந்தால் அவருக்கென்ன என்றார். இவ்வளவுதானா? இதை நான் முன்னாடியே கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 11
ஆடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். வண்டியில் ஏற மாட்டேன் என்ற கிழட்டு ஆட்டைப் பின்னாலிருந்து தள்ளியது நான்தான். கொஞ்சம் அழுதேன். பிறகு பட்டப்பகலில் படுத்துத் தூங்கினேன்.

மே 2
தம்பி தீவன லாரி ஓட்டுகிறான். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. இன்று வந்தான்.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மழை வருமா என்றேன். வரும்போல என்றான். அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. எழுந்து போய்ப் படுத்துவிடுவான் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய் டீ போட ஆரம்பித்தான்.

"அக்கா, உனக்குச் சர்க்கரை எவ்வளவு?"

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு எவ்வளவு என்று எனக்கும்தான் தெரியாது.

ஒன்றரை ஸ்பூன் என்றேன். உனக்கு எவ்வளவுடா என்று கேட்டேன்.