ஒடுங்கிப்போன ஒன்பது எலும்புகள்

இன்று காலை இறைச்சிக்கடைக்காரர் தராசைத் தூக்கியபடி, "கிடாய்தான் சேர், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உன் நினைவும் வந்தது. நீ செத்துப்போய் எட்டு மாதமாகிறதடா.

எங்கள் தொல்லியல் அகழ்வுக் குழியில் கிடைத்த பழைய ஆட்டெலும்புகள் ஆணா பெண்ணா என்று அறிய உனக்கு ஒரே ஆவல். அதற்கு இன்றைய ஆடுகளின் முன்னங்கால் எலும்புகளை அளந்து ஒரு பட்டியல் வேண்டும். கிடாயின் எலும்பு முனை அகலம், பெண்ணாடான மறியினது ஒடுக்கம். வித்தியாசம் சில மில்லிமீற்றர்தான். சைவக்காரனான நீ என்னை நம்பிக் கடைக்கு அனுப்பினாய். முதலில் கிடாய், மறியைப் பிறகு தேடுவோம் என்று திட்டம். கொக்குவிலில் உங்கள் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள், ஒட்டின இறைச்சி கழல, சவர்க்காரத்தூள் போட்டு எலும்பு அவிப்போம். "ரெண்டு பேரும் முழுகிப்போட்டுத்தான் உள்ளுக்கை வரவேணும்!" என்று குசினி யன்னலால் உன் அம்மா கத்துவா.

முப்பது எலும்பில் ஒன்பது ஒடுங்கி நின்றன. குட்டிகளாக்கும் என்று கொப்பியிலிருந்து வெட்டிவிட்டேன். நீ கண்டுபிடித்தாய்.

"மூட்டெல்லாம் ஒட்டி முத்தின எலும்பு. உது குட்டியோ?"

"கிடாய் எண்டுதானே கடைக்காரன் தந்தவன். ஞாயிறுக்கு ஞாயிறு தின்னிற எனக்குத் தெரியாதோ? கத்தரிக்காய் தின்னிற நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

உன் முகம் சுருங்கியது. இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அந்த நாட்களில் விடியற்காலையில் ஆடு வெட்டுமிடத்துக்குப் போய் நின்றிருக்கிறாய். இரத்தம் கண்டாலே தலைசுற்றுகிறவன், ஓங்காளித்துக்கொண்டே ஒவ்வோர் ஆடாகப் பார்த்திருக்கிறாய். கடைக்குக் கிடாயென்று போன ஆறில் இரண்டு மறி.

"மச்சான், இவ்வளவு காலமும் நீ கிடாயெண்டு சப்பினதிலை மறியும் கிடந்திருக்குது" என்று வந்து சொன்னாய்.

"அப்ப அந்த ஒன்பதையும் மறியெண்டு எழுதுவமோ?"

"சீ, கண்ணாலை காணாததை எழுதேலாது."

முப்பதையும் எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு விடியலும் நீயே முன்னுக்கு நின்றாய்.

போன கிழமை, பழைய எலும்பொன்றின் அளவு உன் பட்டியலில் கிடாய்க்கும் மறிக்கும் நட்டநடுவில் விழுந்தது. கிடாயென்று எழுதக் கை துறுதுறுத்தது. ‘தெரியாது’ என்றுதான் எழுதினேன். அளவு என் எண்ணத்தோடு ஒத்துவராவிட்டால், இப்போதெல்லாம் எண்ணத்தைத்தான் முதலில் வெட்டுகிறேன். இதை உன்னிடம் சொன்னதேயில்லை. அந்தக் கத்தரிக்காய்ப் பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டதில்லை, நீ எதிர்பார்க்கவில்லை என்று சும்மா இருந்துவிட்டேன். பிழை என்னிலைதான் மச்சான்.